கலரக்காவும் அத்தானின் வெந்நீரும்

எங்கள் பட்டறையில் முதலாளி கதவைத் தட்டிவிட்டு நுழைகிற அறை ஒன்றே ஒன்றுதான். தன் சொந்த அறைக் கதவையே அவர் காலால் தள்ளித்தான் திறப்பார். ஆனால் என் அக்காவின் அறை வாசலுக்கு வந்தால் விரலை மடக்கித் தட்டுவார், மிதியடியில் காலைத் தேய்ப்பார், "வரலாமா?" என்று ஒரு கேள்வியும் கேட்பார். தூசி உள்ளே வரக்கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். தூசி பாதிதான், மீதி அவளுடைய ஆசை என்பது என் எண்ணம். இருந்தால்தான் என்ன? வருஷக்கணக்கில் பேக்கிங் மேசையில் "ஏம்மா, இங்க வா" என்றே கூப்பிடப்பட்டவளுக்கு, ஒரு ஆள் தன் கதவைத் தட்டும் சத்தம் எவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் இன்னும் "ஏம்மா"தான்.

பட்டறையில் எல்லோருக்கும் அவள் கலரக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அலுமினியச் சாமான்கள் மேல் கலர் கலராக லோகோ ஏற்றுவது அவள் வேலை. பெயின்ட் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. நகத்தால் சுரண்டிப் பாருங்கள், சாவியால் கீறிப் பாருங்கள், உங்கள் சாவிதான் தேயும். அவள் ஏற்றுகிற கலர் உலோகத்தின் மேலே நிற்காது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அது எப்படி என்று கேட்பவர்களுக்கு அக்கா பொறுமையாக விளக்குவாள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையின் மூலத்தொழில் அனோடைசிங். அலுமினியத்தை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அதன் மேல் தோல் மாதிரி ஒரு படலம் வளரும். அந்தத் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். கடைசியாக ஒரு தொட்டி உண்டு, மூடுதொட்டி என்போம். சூடான தண்ணீரில் மருந்து கலந்திருக்கும். அதில் முக்கி எடுத்தால் துளைகள் மூடிக்கொள்ளும், பிறகு சாமானுக்கு அழுக்கோ கறையோ பிடிக்காது. அந்தத் துளைகள் திறந்திருக்கும்போதே உள்ளே கலரை அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் மூடினால் கலர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அக்காவின் வித்தை மொத்தமும் இவ்வளவுதான். இவ்வளவுதான் என்று நான் சொல்லிவிடலாம், செய்யத்தான் முடியாது.

இதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் சட்டைக்கும் காபிக் கோப்பைக்கும் படம் போட்டுத் தரும் கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது சூட்டில் அழுத்துகிற இரண்டு இயந்திரங்களையும், படம் அச்சடிக்கிற பிரின்டரையும், மிச்சமிருந்த காகிதங்களையும் எங்கள் பட்டறை மூலையில் கொண்டுவந்து இறக்கினார். சட்டைக்கானது தட்டையாக இருக்கும், கோப்பைக்கானது வளைந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும். முதலாளி அவற்றை மறந்தே போனார். நாங்கள் மேலே சாப்பாட்டுப் பாத்திரங்களை வைத்துக்கொண்டோம். அக்காவுக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஒருநாள் மதிய இடைவேளையில் ஒரு பூப்படக் காகிதத்தைக் கழித்துப்போட்ட அலுமினியத் தகட்டில் வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. இன்னொரு தகட்டில் அழுத்தினாள். காகிதத்தில் வெளிறி அழுது வடிந்துகொண்டிருந்த பூ தகட்டில் சிவப்பும் மஞ்சளுமாகச் சிரித்தது. ஒரே காகிதக் கட்டு, ஒரே சூடு, அப்புறம் ஏன் ஒன்றில் பிடித்து ஒன்றில் பிடிக்கவில்லை? மற்றவர்களாக இருந்தால் பூவை ரசித்துவிட்டுக் கையைக் கழுவப் போயிருப்பார்கள். இவள் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். கலர் பிடித்த தகடு மூடுதொட்டிக்குப் போகாமல் கழிக்கப்பட்டது என்று கண்டுபிடித்த அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதுகூட அவ்வளவு பிரகாசமில்லை.

முதலாளி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாமான் வைக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தார். கலரக்கா பிறந்தது அப்படித்தான்.

இப்போது என் அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும், அக்காவின் வீட்டுக்காரர். அதே பட்டறையில் தொட்டி அறை அவர் பொறுப்பு. பேச்சு குறைவு, சுத்தம் அதிகம். சாமான்களை அவர் கழுவுவதைப் பார்த்தால் ஏதோ கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறார் என்று நினைப்பீர்கள். வீட்டிலும் அப்படித்தான். அக்கா கழுவிவைத்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி கழுவுகிற மனுஷர். நானாக இருந்தால் டம்ளரை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அக்கா சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

சின்னச் சின்ன வேலைகளாகக் கலர் அறை ஓடிக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகை, சாவிவளையம், கதவு எண் போன்ற சில்லறை வேலைகள். அப்புறம் வந்தது டார்ச் கம்பெனி. வெள்ளத்திலும் தீயிலும் போய் ஆட்களைக் காப்பாற்றுகிற மீட்புக் குழுக்களுக்கு டார்ச் செய்கிறவர்கள். ஒவ்வொரு டார்ச்சின் உடம்பிலும் குழுவின் லோகோ வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கயிற்று வளையம், அதற்குள் நீல நிறத்தில் விரிந்த உள்ளங்கை. ஆரஞ்சு ஓரத்தில் அடர்ந்து நடுவே மெல்ல வெளுக்கவேண்டும். கையுறை போட்ட கையில் உரசி உரசி அழியக்கூடாது. ஸ்டிக்கர் நிற்காது. லேசரால் பொறித்தால் சாம்பல் நிறம்தான் வரும்.

"உருண்டையா இருக்கே, முடியுமா?" என்று முதலாளி கேட்டார்.

"கோப்பை மெஷின்ல முடியும் சார். டார்ச் ஒல்லி. சுத்தி ரப்பர் உறை போட்டு இடைவெளிய அடைச்சுட்டா அழுத்தம் சமமா விழும்," என்றாள் அக்கா.

மாதிரி செய்தாள். லோகோவை இடவலமாகத் திருப்பிக் காகிதத்தில் அச்சடித்து, டார்ச்சைச் சுற்றிச் சூடு தாங்கும் டேப்பால் அசையாமல் ஒட்டி, ரப்பர் உறை மாட்டி, மெஷினுக்குள் வைத்து மூடினாள். காகிதம் மயிரிழை நகர்ந்தாலும் கைக்குப் பின்னால் இன்னொரு கை பேய் மாதிரி நிற்கும். நகரவில்லை. கலர் பளிச்சென்று விழுந்தது. டார்ச் கம்பெனி மேடம் ஒரே பார்வையில் சரி என்றுவிட்டார்.

முதலாளி அன்றைக்கு அக்காவின் அறைக்கு வந்து (தட்டிவிட்டுத்தான்) ஒரு விஷயம் சொன்னார். நான் அங்கேதான் இருந்தேன்.

"இந்த ஆர்டர் நின்னுட்டா இந்த அறை உன்னோடது, யாரும் அசைக்க முடியாது. சொதப்பிடுச்சுன்னா இந்த இடத்துல லேசர் மெஷின் வைக்கலாம்னு இருக்கேன். நீ பழையபடி பேக்கிங்குக்கு வந்துடலாம். தப்பா நெனைக்காதே. இடம் குறைவு."

அவர் கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார். அன்று வீட்டுக்குப் போக அக்காவும் நானும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று சொன்னாள். "பேக்கிங் ஒண்ணும் கேவலமில்லடி. ஆனா திரும்பிப் போகமாட்டேன்." பேக்கிங்கிலேயே இருக்கிற என்னிடம் சொல்கிற பேச்சா இது? எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அவள் திரும்பி வரக்கூடாது என்று அவளைவிட நான் அதிகமாக வேண்டிக்கொண்டேன்.

மொத்தச் சரக்கு தொட்டி அறையிலிருந்து வந்த காலையில் நானே தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போனேன். அப்படி ஒரு பளபளப்பை நான் பார்த்ததே இல்லை. மாதிரி டார்ச்சுகளில் தண்ணீர் காய்ந்த திட்டுகள் அங்கங்கே இருந்தன. அக்கா ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்து, வீட்டில் அத்தானிடம் மூக்கால் அழுதிருந்தாள். இப்போது ஒரு திட்டுகூட இல்லை.

"பார்த்தியா, சொன்னா கேக்குறாரு," என்று அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

முதல் டார்ச்சை மெஷினிலிருந்து எடுத்தாள். உறையைக் கழற்றினாள், காகிதத்தை உரித்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஆரஞ்சு இல்லை. பல தடவை துவைத்த துணியில் மிச்சமிருக்கிற கறை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. நீலக் கையைக் காணோம். விரல் நுனிகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. பேக் செய்வதற்கு முன் சோதித்துப் பார்ப்பதும் என் வேலைதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுவதற்குத்தான் சம்பளம். அன்றைக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை.

செய்தி பரவ எவ்வளவு நேரம்? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மை பழசு என்றார் ஒருவர். மெஷினுக்கு வயசாகிவிட்டது என்றார் இன்னொருவர். அத்தான் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "சூட்டைக் கொஞ்சம் கூட்டிப் பாரேன்," என்றார். கூட்டினாள். காகிதம் கருகியதுதான் மிச்சம். முதலாளி வந்தார். தட்டாமல் வந்தார். ஒரு டார்ச்சை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார். "நாளைக்கு அந்த மேடம் வர்றாங்க," என்றார். திரும்பிப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா மெஷினை அணைத்தாள். எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். என்னை மட்டும் சொல்லவில்லை, சொன்னாலும் நான் போயிருக்கமாட்டேன்.

வெளிறிய டார்ச் ஒன்றைக் கையில் எடுத்தாள். பிறகு மேசையிலிருந்த மார்க்கர் பேனாவை எடுத்து, டார்ச்சில் ஒரு புள்ளி வைத்தாள். காயவிட்டாள். ஈரத்துணியால் துடைத்தாள். புள்ளி போய்விட்டது, வைத்த தடமே இல்லை. பழைய மாதிரித் துண்டு ஒன்றை எடுத்தாள். கலர் ஏற்றாமல் மிச்சம் வைத்திருந்தது. அதிலும் புள்ளி, அதே துணி. என்ன தேய்த்தும் போகவில்லை.

"துளை மூடியிருக்குடி," என்றாள். "என் மை நல்லாத்தான் இருக்கு. மெஷினும் நல்லாத்தான் இருக்கு. உள்ள போக வழியில்ல. அவ்வளவுதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்காது. நேராகத் தொட்டி அறைக்குப் போய் அத்தானிடம் கரடியாகக் கத்தினேன். "மூடுதொட்டியில போட்டுட்டீங்க இல்ல? பொண்டாட்டி பிழைப்பு உங்களுக்கு விளையாட்டா போச்சா?"

அத்தான் பேய் முழி முழித்தார். "ஐயோ, அந்தப் பக்கமே கொண்டு போகலம்மா. அது எனக்குத் தெரியாதா? மருந்துத் தண்ணி ஒரு சொட்டுக்கூட படல. சத்தியமா."

"பின்ன எப்படி மூடுச்சு? தானா மூடிக்கிச்சா?"

அக்கா பின்னாலேயே வந்துவிட்டாள். என் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். அவர் எதிரில் போய் நின்று, நிதானமாகக் கேட்டாள். "என்னங்க, கழுவுனதுலேருந்து என் அறைக்கு வர்ற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவர் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பாவம். பச்சைத்தண்ணீரில் கழுவினால் காய நேரமாகிறது, திட்டு விழுகிறது. அதனால் பாய்லரிலிருந்து கொதிக்கக் கொதிக்க நல்ல தண்ணீர் பிடித்து, ஒரு தனித் தொட்டியை நாலு தடவை தேய்த்துக் கழுவி, அதில் டார்ச்சுகளை நன்றாக ஊறவிட்டிருக்கிறார். சூடேறிய உலோகம் வெளியே எடுத்ததுமே தானாகக் காய்ந்துவிடுமே, திட்டு எங்கே விழும்?

"மருந்து எதுவும் கலக்கல. வெறும் தண்ணி. உனக்குத் துடைக்கிற வேலை இருக்கக்கூடாதுன்னுதான்..."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துளையை மூடுவது அந்த மருந்துதான் என்று பட்டறையில் அத்தனை பேரும் நம்பியிருந்தோம். முதலாளி, அத்தான், நான், அக்கா உட்பட எல்லோருக்கும் அதே நினைப்புதான். மூடுதொட்டி என்றால் மருந்து, மருந்து இல்லாவிட்டால் அது தண்ணீர். தண்ணீர் என்ன செய்யும்?

அக்கா திரும்பி நடந்தாள். நேராக டீ போடுகிற மூலைக்குப் போனாள். கெட்டிலில் தண்ணீர் அப்போதுதான் கொதித்திருந்தது. டீக்காகக் காத்திருந்தவர்களைக் கையால் விலக்கிவிட்டு, அனோடைசிங் மட்டும் ஆன ஒரு தகட்டை இடுக்கியால் பிடித்து, பாதிவரைக்கும் அந்தத் தண்ணீரில் இறக்கி நின்றாள். கெட்டில் ஆறும்போதெல்லாம் மறுபடி சூடேற்றினாள். "எங்க டீ?" என்று யாரோ கேட்டார்கள். நான் பார்த்த பார்வையில் அவருக்கு டீ ஆசையே போயிருக்கும்.

தகட்டைக் காயவைத்து, லோகோக் காகிதத்தை ஒட்டித் தட்டை மெஷினில் அழுத்தினாள். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். காகிதத்தை உரித்தாள்.

மேல்பாதியில் ஆரஞ்சு தகதகவென்று எரிந்தது. கீழ்பாதி வெளிறிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே, தண்ணீர் தொட்டு நின்ற மட்டத்தில், ஒரு நேர்கோடு. நீலக் கையின் விரல்கள் ஐந்தும் முழுசாக இருந்தன, உள்ளங்கை இல்லை.

"வெறும் தண்ணியே போதும்," என்றாள் அக்கா. "கொதிச்சா போதும்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். "நான்தானா?" என்றார். நான் கத்தியது கத்தியதுதான், அதற்காக வருத்தமில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் போட்டிருக்கிற பருத்திக் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் பிடித்தாள்.

முதலாளியிடம் தகட்டைக் காட்டினோம். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, காரணம் கிடைச்சுது. ஆனா நாளைக்கு அவங்ககிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. கரண்ட் போச்சு, மெஷின் நின்னுச்சுன்னு சொல்லிடுவோம். கொஞ்சம் தவணை கிடைக்கும்."

"நடந்ததைச் சொல்லுவோம் சார்," என்றாள் அக்கா.

"சொன்னா, இவங்களுக்கே தொழில் தெரியலைன்னு போயிடுவாங்கம்மா."

"கரண்ட்டுன்னு சொன்னா, கலர் அறைன்னா எப்ப என்ன ஆகும்னு தெரியாதுன்னு நெனைப்பாங்க. அதுக்கு நான் பேக்கிங்குக்கே போயிடறேன்."

அதுவரை சுவரோடு சுவராக நின்றிருந்த அத்தான் முன்னால் வந்தார். "தப்பு என்னோடது. என்னை வேலையை விட்டு அனுப்பிட்டதா சொல்லுங்க. அனுப்பினாலும் சரிதான்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்று அக்கா அதட்டினாள். பட்டறையில் வைத்து அவள் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. வீட்டுக் கணக்கு வேறு.

மறுநாள் மேடம் வந்தார். அக்கா வெளிறிய டார்ச்சைத்தான் முதலில் மேசையில் வைத்தாள், அதன் பக்கத்தில் பாதிக் கலர்த் தகட்டை வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. "சரக்கு கெட்டுப்போச்சு மேடம். காரணம் வெந்நீர். கொதிக்கிற தண்ணியில கழுவினதால துளை மூடிக்கிச்சு. வெந்நீர் மட்டுமே மூடும்னு எங்க யாருக்கும் நேத்து வரைக்கும் தெரியாது. இப்ப தெரியும்."

முதலாளி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் தகட்டைக் கையில் எடுத்தார். அந்த நேர்கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"டீ கெட்டில்ல மேடம்."

மேடம் சிரித்துவிட்டார். "இதுக்கு முன்னாடி நான் போன இடத்துல எல்லாம் கெட்டுப்போனா கரண்ட் போச்சுன்னுதான் சொல்லுவாங்க," என்றார். முதலாளிக்குத் திடீரென்று இருமல் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இல்லையென்றால் மானம் போயிருக்கும்.

"இந்த டார்ச்சையெல்லாம் சரி பண்ண முடியுமா?"

"முடியும். காரத் தொட்டியில போட்டு அந்தத் தோலை உரிச்சுட்டு மறுபடி வளர்க்கணும். உரிக்கும்போது உலோகமும் துளி குறையும். மூடி திருகுற மரை லூசாகலாம். அதனால முதல்ல ஒண்ணு மட்டும் செஞ்சு, மூடியைத் திருகித் தண்ணிக்குள்ள போட்டுப் பார்த்துட்டு, தண்ணி உள்ள போகாம நின்னாத்தான் மிச்சத்தைத் தொடுவோம். நிக்கலைன்னா வேற வழியில்ல, அதையும் சொல்லிடறேன்."

மேடம் உட்கார்ந்துவிட்டார். "செய்யுங்க. பார்க்கிறேன்."

அத்தானுக்கு அன்று கிடைத்த வேலை போல எந்த நாளும் கிடைத்ததில்லை. ஒரே ஒரு டார்ச். அதை உரித்தார். வேண்டிய நேரத்துக்கு ஒரு நொடி அதிகம் விடவில்லை. மறுபடி அமிலத் தொட்டியில் தொங்கவிட்டார். எடுத்துப் பச்சைத்தண்ணீரில் அலசினார், மறுபடி அலசினார், கை சிவந்துபோகும்வரை அலசினார். துடைக்காமல் குளிர்காற்றை ஊதிக் காயவைத்தார். அக்கா கையுறையோடு வாங்கிக்கொண்டாள். அவர் நீட்டியதும் அவள் வாங்கியதும் எங்கள் வீட்டில் டம்ளர் கைமாறுகிற அழகில் இருந்தது.

மெஷின் மூடியது. திறந்தது. அக்கா காகிதத்தை உரித்தாள்.

ஆரஞ்சு வளையம், நடுவே மெல்ல வெளுக்கிற இடம், நீலக் கை எல்லாம் முழுசாக, கூர்மையாக விழுந்திருந்தன. அடுத்து மூடுதொட்டி. அத்தான் இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்த மருந்துத் தண்ணீரில் இறக்கினார். எடுத்தார். கலர் அசையவில்லை. மேடம் கொண்டுவந்திருந்த பல்பையும் பேட்டரியையும் உள்ளே போட்டு, மூடியைத் திருகி வாளித் தண்ணீரில் அழுத்திப் பிடித்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. டார்ச்சின் வாய்ப்பகுதியில் இருந்த ரப்பர் வளையம் காப்பாற்றியது. வெளியே எடுத்து மேடம் பொத்தானை அழுத்தினார். டார்ச் எரிந்தது.

பிறகு அவர் தன் கைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து, எங்களைக் கேட்காமலேயே, நீலக் கையின் குறுக்கே அழுத்திக் கீறினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டு வந்த கலர்! அக்கா மட்டும் புன்னகையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேடம் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். சாவியின் உலோகத்தூள்தான் விரலில் ஒட்டியிருந்தது. கை முழுசாக இருந்தது.

"மிச்சத்தையும் இவங்க கையாலயே செய்யச் சொல்லுங்க," என்று முதலாளியிடம் சொன்னார். "இனிமே சரக்குல எனக்கு ஏதாவது கேக்கணும்னா இவங்ககிட்டயே நேரா கேக்கறேன்."

முதலாளி நல்ல வியாபாரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "கலர் அறை மட்டுமில்ல மேடம். கலருக்குப் போற சரக்குன்னா, தொட்டி அறையும் இனிமே இவங்க சொல்றபடிதான். கழுவுறது, காய வைக்கிறது எல்லாம்."

அங்கே நின்ற அத்தனை பேரும் அத்தானைத் திரும்பிப் பார்த்தோம். மனைவி சொல்படி பட்டறையிலும் வேலை செய்யவேண்டும் என்று ஊர் பார்க்க ஒரு ஆளிடம் சொல்லியாகிவிட்டது. ஆண்பிள்ளைகளின் ரோஷம் எனக்குத் தெரியாததா? இவருக்கு முகம் தொங்கிப்போகும், வீட்டுக்குப் போனால் மூன்று வேளையும் மௌனம்தான் என்று நினைத்து, நான் அவருக்குச் சொல்லவேண்டிய ஆறுதலைக்கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அத்தான் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மேடம் எதிரில் வந்து நின்றார். அந்நிய மனுஷரிடம் அவர் வலியப் போய்ப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"மேடம், அந்த வெந்நீர்ல போட்டது நான்தான்," என்றார். "வெறும் தண்ணிதானேன்னு போட்டேன். இத்தனை வருஷமா தொட்டியிலயே கிடக்கிறேன், எனக்குத் தெரியல. கண்டுபிடிச்சது இவதான். என் சம்சாரம்."

அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்த மேசையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சரக்கு முழுசும் போய்ச் சேர்ந்தது. அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்துகொண்டிருக்கிறது. லேசர் மெஷினுக்கு முதலாளி தன் சொந்த அறையில் பாதியைத் தடுத்துக் கொடுத்துவிட்டார். பட்டறையைப் பார்க்க யார் வந்தாலும் அத்தான் தொட்டி அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறார். லாரிக்காரராக இருந்தாலும் சரி, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவராக இருந்தாலும் சரி, தான் டார்ச்சுகளை வெந்நீரில் போட்டுக் கெடுத்த கதையைத்தான் முதலில் சொல்லுவார். "ஏன் அத்தான், உங்க மானத்தை நீங்களே கப்பலேத்திக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

என்னை ஒரு மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அதைச் சொல்லாம, அவ கண்டுபிடிச்சதை எப்படிம்மா சொல்றது?" என்றார்.